ஒரே அடி, ஒரே சுரம், ஒரு மணி நேரம்: 'ட்விஸ்டட்' ஆல்பத்தை எப்படிக் கேட்பது?

சைக்கெடெலிக் ட்ரான்ஸ் இசையை முதன்முதலாகக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "டம் டம்முன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" நானும் அதையேதான் கேட்டேன். ஏழு நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன், பாட்டு ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிட்டது. அடுத்ததைப் போட்டேன், அதுவும் அப்படியே. இதையா உலகம் முழுக்க ஒரு கூட்டம் முப்பது வருடமாகக் கொண்டாடுகிறது என்று தோன்றியது.

சிக்கல் என்னவென்றால், நான் மெட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காது அதைத்தான் தேடும். பல்லவி எங்கே, சரணம் எங்கே, யார் பாடுகிறார்கள். இந்த இசையில் மெட்டு இல்லாமல் இல்லை, ஆனால் கதை நகர்வது மெட்டில் இல்லை. ஒலியின் நிறத்தில் நகர்கிறது. 'நிறம்' என்று நான் சொல்வது என்ன என்பதைப் புரியவைக்கத்தான் இந்தக் கட்டுரை முழுதும். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் ஆல்பம், 1995ல் லண்டனின் டிராகன்ஃப்ளை ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 'ட்விஸ்டட்'. கலைஞர் பெயர் ஹாலுசினோஜன். பேரைப் பார்த்துக் குழு என்று நினைக்க வேண்டாம், சைமன் போஸ்ஃபோர்ட் என்ற ஒரே ஆங்கிலேயர்தான். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் நடுவில்.

பெயரை முதலில் முடித்துவிடலாம். 'சைக்கெடெலிக்' என்ற சொல்லை 1950களில் உருவாக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர், கிரேக்க வேர்களைச் சேர்த்து 'மனத்தை வெளிக்காட்டுவது' என்ற பொருளில். எல்.எஸ்.டி. போன்ற வேதிப்பொருள்களைக் குறிக்கவே அந்தச் சொல் வந்தது. ஹாலுசினோஜன் என்றால் இல்லாததைக் காணவைக்கும் பொருள், ஆல்பத்தின் முதல் பாட்டின் பெயரே 'எல்.எஸ்.டி.' ஆக இந்த இசைக்கும் போதைப்பொருளுக்கும் உள்ள உறவை ஒளித்து எழுதினால் அது பொய். ஆனால் ஆல்பத்தைக் கேட்க அதெல்லாம் தேவையில்லை. நல்ல ஹெட்ஃபோன் போதும், காபி போதும்.

இந்த இசை உருவான இடம் லண்டன் இல்லை, கோவா. அதனால்தான் அந்த ஆரம்ப வடிவத்துக்குக் கோவா ட்ரான்ஸ் என்று பெயர். அதுவும் குறிப்பாக அஞ்சுனா, வாகதோர் கடற்கரைகள். 1960களின் கடைசியிலிருந்தே ஹிப்பிகள் அங்கே வந்து தங்க ஆரம்பித்திருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து 1970 வாக்கில் வந்து சேர்ந்த கோவா கில் அவர்களில் ஒருவர். 2023ல் அவர் இறக்கும்வரை இந்த உலகத்தின் பெரியவர் மாதிரி இருந்தார். முதலில் கிட்டார், ராக் என்றுதான் இருந்தது. 1980களில் எலக்ட்ரானிக் இசை உள்ளே வந்தது. அதை ஒலிக்கவிட்ட டி.ஜே.க்கள் ஒரு வேலை செய்தார்கள்: ஐரோப்பாவிலிருந்து வந்த பாட்டுகளில் குரல் வரும் இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, வாத்தியம் மட்டும் ஓடும் பகுதிகளை ஒட்டி நீளமாக்கினார்கள். யாரோ காதலைப் பற்றிப் பாடுவது விடியவிடிய ஆடுகிறவனுக்கு இடைஞ்சல் என்பது அவர்கள் எண்ணம். இப்படிப் பாட்டு இல்லாத பாட்டைக் கேட்டுப் பழகிய கூட்டம், பிற்பாடு அதே மாதிரி இசையைத் தானே செய்யத் தொடங்கியது.

இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது, வெயில். வினைல் இசைத்தட்டு கோவா வெயிலில் வளைந்துபோகும், மணலும் தூசியும் அதற்கு ஆகாது, ஒரு பெட்டித் தட்டுகளை விமானத்தில் தூக்கி வருவதும் தண்டனை. அதனால் அங்கே கேசட்டும், பிறகு சோனி 1987ல் கொண்டுவந்த டாட் என்ற டிஜிட்டல் நாடாவும் புழங்கின. டாட் நாடா சாதாரண கேசட்டை விடச் சின்னது, சட்டைப்பையில் அடங்கும். நகல் எடுத்தாலும் தரம் குறையாது. இசை செய்தவர்கள் வெளியிடுவதற்கு முன்பே ஒரு நகலை டி.ஜே. கையில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. வினைல் தட்டை விரலால் பிடித்து வேகத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டு பாட்டின் தாளத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவது போல, டாட்டில் பெரும்பாலும் செய்ய முடியாது. அதனால்தான் அந்தக் காலத்துக் கோவா ட்ரான்ஸ் பாட்டுகள் பலவும் தாளமே இல்லாத புகைமூட்டமான முன்னுரையோடு தொடங்கி, அதேபோல் கரைந்து முடியும். ஒன்று கரையும்போதே அடுத்ததைத் தொடங்கிவிடலாம், தாளம் மோதாது. கேட்பதற்கு ஏதோ ஆன்மிகத் தொடக்கம் மாதிரி இருக்கும், அடியில் இருப்பதில் பாதி இந்த நடைமுறைச் சிக்கல்.

சரி, லண்டனுக்கு வருவோம். கில்லிங் ஜோக் என்ற ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் மார்ட்டின் க்ளோவர், எல்லோரும் அவரை யூத் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நடத்தியது பட்டர்ஃப்ளை ஸ்டூடியோ. டிராகன்ஃப்ளை நிறுவனத்தைத் தொடங்கியதும் அவர்தான். பட்டாம்பூச்சிக்குப் பக்கத்தில் தும்பி. அந்த ஸ்டூடியோவில் ஒலிப்பொறியாளராக வேலை பார்த்தவர் சைமன் போஸ்ஃபோர்ட். கோவாவிலிருந்து திரும்பி வந்தவர்களிடம் தலை நிறைய யோசனை இருக்கும், ஆனால் கருவிகளை இயக்கத் தெரியாது. அவர்கள் சொல்லச் சொல்ல, பல ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸர் கருவி முன்னால் உட்கார்ந்து அதை ஒலியாக்கித் தருவது அவர் வேலை. அடுத்தவர் கற்பனைக்காக மாதக்கணக்கில் குமிழ் திருகிய ஆள் தனக்கென்று உட்கார்ந்தபோது வந்ததுதான் 'ட்விஸ்டட்'. இதை ஒரு பாடகரோ பியானோக்காரரோ செய்திருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும் என்பது என் கணிப்பு. இது அடிமுதல் முடிவரை ஒரு பொறியாளரின் ஆல்பம்.

அந்த நேரத்தில் பிரிட்டனில் இந்த மாதிரி இசைக்குச் சட்டமே தனியாக வந்தது ஒரு வேடிக்கை. திறந்தவெளியில் ராத்திரி நடக்கும் ரேவ் என்ற நடனக் கூட்டங்களைக் கட்டுப்படுத்த 1994ல் ஒரு குற்றவியல் சட்டம் கொண்டுவந்தார்கள். இசை என்பதற்குள் எது எது அடங்கும் என்று விளக்கும் இடத்தில், 'திரும்பத் திரும்ப வரும் அடிகளின் தொடர்' முழுதாகவோ பெரும்பாலுமாகவோ அமைந்த ஒலிகளும் சேரும் என்று எழுதிவைத்தார்கள். என் முதல் ஏழு நிமிடக் குறையை அப்படியே நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது மாதிரி இருக்கிறது.

இப்போது உள்ளே போகலாம். முதலில் அந்த டம் டம்.

கோவா ட்ரான்ஸ் பெரும்பாலும் நிமிடத்துக்கு 140 முதல் 150 அடி வேகத்தில் ஓடும். 145 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அடியையும் நான்காகப் பிரித்தால், நமக்குத் தெரிந்த 'தகதிமி' வந்துவிடும், சதுஸ்ர நடை. 'த' விழும் இடத்தில் கிக் டிரம், அதாவது அந்த 'டம்'. மீதமுள்ள 'கதிமி' மூன்றிலும் பேஸ், அதாவது அடித்தளமாக ஒலிக்கும் தாழ்ந்த சுரம். த-கதிமி, த-கதிமி, த-கதிமி, த-கதிமி. வாயால் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் வேகமாக. நொடிக்குக் கிட்டத்தட்ட பத்து எழுத்து. கிக்கும் பேஸும் ஒரே இடத்தில் விழாமல் ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று வருவதால் இரண்டும் மோதிக் குழம்பாது, சேர்ந்து ஓடும் ரயில் மாதிரி உருளும். எல்லாப் பாட்டிலும் அச்சு அசலாக இதே அமைப்பு இருக்காது, குறிப்பாக 1995ல் இன்னும் விதிகள் இறுகவில்லை, ஆனால் அடிப்படை இதுதான்.

அந்தப் பேஸ் பெரும்பாலும் ஒரே சுரத்தில்தான் நிற்கும், அல்லது அதைச் சுற்றி ஒன்றிரண்டு சுரங்களைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். மேற்கத்திய பாப் கேட்டவர்களுக்கு இது வறட்சியாகப் படும், ஏனென்றால் அங்கே நான்கு கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், மாறிக்கொண்டே இருக்கும். நமக்கு அந்தச் சங்கடம் வரவேண்டியதில்லை. தம்புரா மூன்று மணிநேரம் ஒரே சுருதியில் இருக்கிறதே என்று கச்சேரியில் யாரும் எழுந்து போவதில்லை. இங்கே பேஸ்தான் தம்புரா, என்ன, அது கூடவே ஓடுகிறது.

அந்தத் தரைமேல் என்ன நடக்கிறது? இங்கேதான் நிறம் வருகிறது. ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள், பக்கத்தில் ஆள் இல்லாதபோது. ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு 'ஊ' என்று தொடங்கி, நிறுத்தாமல் 'ஓ', 'ஆ', 'ஏ', 'ஈ' என்று வாயை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். சுரம் மாறவில்லை. சத்தத்தின் அளவும் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஏதோ ஒன்று இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தது போல் இருக்கும். அந்த 'ஏதோ ஒன்று'தான் நான் சொல்லும் நிறம். குரல்வளையிலிருந்து வரும் ஒலியில் ஏராளமான மேல்சுரங்கள் ஒளிந்திருக்கின்றன, வாயின் வடிவம் அவற்றில் எதை வெளியே விடுவது, எதை அடக்குவது என்று முடிவு செய்கிறது.

ஒலியை மின்சாரத்தால் உண்டாக்கும் சின்தசைசர் கருவியில் இந்த வாய்க்குப் பெயர் ஃபில்டர். கருவி மேல்சுரங்கள் நிறைந்த, கரகரப்பான ஒலியை உற்பத்தி செய்யும், ஃபில்டர் அதைச் செதுக்கும். ஒரு குமிழைக் குறைத்தால் உயர்ந்த ஒலிகள் அடைபட்டு, அடுத்த தெருக் கோயில் ஸ்பீக்கர் மாதிரி வெறும் 'தும் தும்' மட்டும் கேட்கும். கூட்டினால், அந்தத் தெருவுக்குள் நடந்து போவது போல ஒவ்வொன்றாக எல்லாம் தெளிந்து வரும். இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குமிழ், ரெசனன்ஸ். ஃபில்டர் எந்த இடத்தில் வெட்டுகிறதோ அந்த இடத்தை மட்டும் தூக்கிக்காட்டுவது அதன் வேலை. குழாயடியில் குடம் நிரம்பும்போது ஓசை மேலே மேலே ஏறுமே, பார்க்காமலேயே நிரம்பப்போகிறது என்று சமையலறையிலிருந்து ஓடி வருவோமே, அந்த ஏறும் ஓசை ரெசனன்ஸ்தான். குடத்துக்குள் காற்று இருக்கும் இடம் குறையக் குறைய அதிர்வு உயர்கிறது. ஃபில்டர் குமிழை மெதுவாகத் திறக்கும்போது ஏறத்தாழ அதே காரியம் நடக்கிறது.

இதைப் பிரபலமாக்கிய கருவி ரோலண்ட் நிறுவனத்தின் டி.பி. 303. பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்கென்று 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவே இல்லை, யாரும் வாங்கவில்லை, சில வருடத்தில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடை விலைக்கு அதை வாங்கிய சிகாகோ இளைஞர்கள், சுரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகினால் அது கத்துகிறது, குமுறுகிறது, கொழகொழக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 1987ல் ஃப்யூச்சர் குழு வெளியிட்ட பாட்டிலிருந்து அதற்கு ஆசிட் ஹவுஸ் என்று பெயர் நிலைத்தது. கோவா ட்ரான்ஸ் அந்த ஆசிட் ஒலியை எடுத்து, வேகத்தைக் கூட்டி, ஒன்றுக்குப் பதில் நான்கைந்தை அடுக்கியது.

போஸ்ஃபோர்ட் இந்த அடுக்குவதில்தான் மற்றவர்களை விட்டு விலகிப் போனார். 'ட்விஸ்டட்' என்றால் முறுக்கப்பட்டது, திருகப்பட்டது. தலைப்பே செய்முறைக் குறிப்பு. ஒரு சுரத்தொடர் இடது காதில் மந்தமாகத் தொடங்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே வரும்போது, வலது பக்கம் இன்னொன்று அதற்குப் பதில் சொல்வது போல் முளைக்கும். இரண்டாவதைக் கவனிக்கப் போனால் முதலாவது எப்போது வேறொன்றாக மாறியது என்று தெரியாது. 16 ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை, அதாவது இந்த வேகத்தில் சுமார் 26 நொடிக்கு ஒருமுறை, ஏதாவது ஒன்று உள்ளே வரும் அல்லது வெளியேறும். அதற்கு நடுவேயும் சும்மா இருக்கமாட்டார். அரை நொடிக்கு ஒரு வழுக்கல், ஓர் எதிரொலி, தலைகீழாக ஓடும் ஒரு துணுக்கு. அன்றைக்கு மடிக்கணினியில் சுட்டியால் கோடு போட்டு இதையெல்லாம் செய்யும் வசதி இல்லை என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள். தனித்தனிக் கருவிகள், ஒரு பெரிய மிக்ஸர், ஒலித்துணுக்கைப் பதிந்துவைத்துத் திரும்ப ஒலிக்கும், நினைவகம் குறைந்த சாம்ப்ளர்கள், எல்லாவற்றையும் கேபிள்களால் பிணைத்து, பல இடங்களில் கையாலேயே திருக வேண்டிய காலம்.

சுரங்களைப் பற்றிக் கொஞ்சம். கோவா ட்ரான்ஸில் 'கிழக்கத்திய' வாசனை என்று வெள்ளைக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் ஃப்ரிஜியன் என்ற சுர வரிசையிலிருந்து வருவது. நம் கணக்கில் பார்த்தால் அதன் சுரங்கள் எட்டாவது மேளமான தோடியின் சுரங்களேதான். அதில் காந்தாரத்தை மட்டும் மேலே ஏற்றினால் பதினான்காவது மேளம் வகுளாபரணம், அதையும் ஃப்ரிஜியன் டாமினன்ட் என்ற பெயரில் இவர்கள் நிறையப் பயன்படுத்துகிறார்கள். இதைப் படித்துவிட்டு 'ஆஹா, ட்ரான்ஸில் தோடி' என்று யாருக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்ப வேண்டாம். கமகம் இல்லாத தோடி தோடியே இல்லை என்று பாட்டு வாத்தியார்கள் அடிப்பார்கள், அது நியாயமும்கூட. இங்கே இருப்பது சுரப்படிகள் மட்டும், ராகம் இல்லை. அந்தத் தாழ்ந்த ரிஷபம் ஷட்ஜத்தோடு உரசிக்கொண்டு நிற்கும்போது ஒரு பதற்றம் உண்டாகிறதல்லவா, அது மட்டும்தான் இவர்களுக்கு வேண்டும்.

ஆல்பத்தில் எட்டு பாட்டு, மொத்தம் சுமார் ஒரு மணி நேரம். 'எல்.எஸ்.டி.', 'ஆர்ஃபிக் த்ரெஞ்ச்', 'ஆல்ஃபா சென்டாரி', 'டார்க் மேகஸ்', 'ஷாமனிக்ஸ்', 'ஸ்னார்லிங் பிளாக் மேபல்', 'ஃப்ளூரோ நியூரோ ஸ்பாஞ்ச்', 'சால்ஸ்டிஸ்'. உறுமும் கறுப்பு மேபல், ஒளிரும் நரம்புப் பஞ்சு. அந்தக் காலத்து ட்ரான்ஸ் ஆல்பங்கள் பலவும் சிவன், ஓம், குண்டலினி என்று ஒரு பாட்டம் அட்டையிலேயே பூசை போட்டுவிடும், எனக்கு அது எப்போதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இவர் அந்தப் பக்கமே பெரிதாகப் போகாமல் கிண்டலாகப் பேர் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. இசையிலும் அந்தக் கிண்டல் உண்டு, உச்சத்துக்குப் போவது போல் போக்குக்காட்டிவிட்டு ஏப்பம் விடுவது மாதிரி ஒரு சத்தத்தில் கவிழ்த்துவிடும் இடங்கள்.

முதல் தடவை கேட்கிறவர்கள் எட்டையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். 'எல்.எஸ்.டி.' ஒன்றைப் போதுமான அளவு தெரிந்துகொள்ளும்வரை கேளுங்கள். கைப்பேசி ஸ்பீக்கரில் வேண்டவே வேண்டாம், அதில் பேஸ் கேட்காது, பேஸ் இல்லாமல் கேட்டால் சுருதி இல்லாத கச்சேரி. முதல் முறை கிக்கை மட்டும் கவனியுங்கள், அது எங்கே நிற்கிறது, நின்றபிறகு எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறது. அது இல்லாத இடத்தில்தான் அடுத்த கட்டம் தயாராகிறது. இரண்டாம் முறை, கொழகொழவென்று ஓடும் ஏதாவது ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டு அது 'ஊ'விலிருந்து 'ஈ'க்குப் போகும் பாதையை மட்டும் பின்தொடருங்கள், மற்றது எதுவும் வேண்டாம். நடுவில் தவறவிட்டுவிடுவீர்கள். அந்தத் தவறவிடும் இடம்தான் எனக்கு இந்த இசை பிடிபட்ட இடம்.

இதற்குப் பிறகு வந்தவர்கள் இதை எவ்வளவு கேட்டார்கள் என்பது அவர்கள் இசையிலேயே தெரியும். 1990களின் கடைசியில் கோவா ட்ரான்ஸின் மெட்டுகள் மெலிந்து, ஒலி வடிவமைப்பு முன்னால் வந்து, 'சைட்ரான்ஸ்' என்ற பெயர் நிலைத்தது. அந்த மாற்றத்தின் விதை இந்த ஆல்பத்திலேயே கிடக்கிறது. போஸ்ஃபோர்ட் அப்புறம் ஆல்பத்தின் பெயரிலேயே ட்விஸ்டட் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார், 1997ல் இரண்டாவது ஆல்பம் 'தி லோன் டிரேஞ்சர்' அதில்தான் வந்தது. ஆஸ்திரேலியப் புல்லாங்குழல் கலைஞர் ராஜா ராமோடு சேர்ந்து இந்தியாவில் பார்த்த ஒரு சூரிய கிரகணத்தை இசையாக்க முயன்றதில் ஷ்பாங்கிள் என்ற குழு பிறந்தது. அது வேகம் குறைந்த, உட்கார்ந்து கேட்கும் இசை, இன்று போஸ்ஃபோர்டைப் பலர் அறிந்திருப்பது அதன் வழியாகத்தான்.

'ட்விஸ்டட்' எவ்வளவு முயன்றும் வேகம் தாங்கவில்லை என்கிறவர்களுக்கு ஒரு பின்வாசல் இருக்கிறது. ஆட் என்ற பொறியாளர் ஹாலுசினோஜன் பாட்டுகள் சிலவற்றைப் பிரித்துப்போட்டு, ஜமைக்காவின் ரெக்கே இசை மாதிரி நிதானமாக மறுபடி கட்டிய 'இன் டப்' என்ற ஆல்பம் 2002ல் வந்தது. அந்த விடாத கிக் அதில் இல்லை, வேகமும் நன்றாகக் குறைவு. அதை ஒரு வாரம் கேட்டுவிட்டு மூலத்துக்குத் திரும்புங்கள். இத்தனை நாள் எங்கே என்று தேடிய மெட்டு, அந்த டம் டம்முக்கு அடியில் முதலிலிருந்தே ஓடிக்கொண்டிருப்பது கேட்கும்.